பிஆர்இசட்ல கொஞ்சம் மாத்தியிருக்கேன், ஆட்டோகிராஸ்ல எந்த கிளாஸ்? அவசரம்

மூணாங்கியர்:
வணக்கம் மக்களே, ஞாயித்துக்கிழமை எஸ்சிசிஏ (அமெரிக்க கார் ரேஸ் கிளப்) ஆட்டோகிராஸ் இருக்கு, கோன் வச்ச பாதைல ஒவ்வொரு காரா நேரம் பாத்து ஓட்டறது, ரிஜிஸ்ட்ரேஷன் இன்னைக்கு ராத்திரியோட மூடுறாங்க, ஃபார்ம்ல கிளாஸ்னு ஒரு கட்டம், அத அமுக்கினா எழுத்து எழுத்தா ஒரு பக்கத்துக்கு வருது, தலையும் புரியல வாலும் புரியல. கார் சுபாரு பிஆர்இசட். பெருசா ஒண்ணும் பண்ணல, கோயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்த செட்), ஹெடர் (என்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற பைப்), ட்யூன் (என்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவோட செட்டிங்), வீல் அவ்ளோதான். எத போடறது?

கோன்இடிச்சான்:
2.0 லிட்டரா, 2022 மாடல்ல வந்த 2.4ஆ? வீல் எத்தன இன்ச் அகலம்? டயர்ல ட்ரெட்வேர் (எவ்ளோ மெதுவா தேயும்ங்கற நம்பர்) எவ்ளோ? ஹெடர்ல கேட் (புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) இருக்கா? "பெருசா ஒண்ணும் பண்ணல"ன்னு சொல்ற ஆளுங்க கார்லதான் பேனட் தொறந்தா கம்பெனி பார்ட்டயே தேடணும் 😄

ரூல்புக்மாமா:
தம்பி, ஆட்டோகிராஸுக்கான எஸ்சிசிஏ சோலோ ரூல்புக் பிடிஎஃப்பா சும்மாவே கிடைக்குது. படிக்கிற பழக்கம் இருந்தா இந்தக் கேள்வியே வராது. பண்ணலாம்னு எழுதியிருந்தா பண்ணலாம், எழுதலன்னா கூடாது, அவ்ளோதான் விஷயம். கோயிலோவர் போட்டீங்க, ரொம்பக் கம்மியா மாத்தின காருக்கான ஸ்ட்ரீட் கிளாஸ் போச்சு. கேட் இல்லாத ஹெடர்னா அடுத்த படியான ஸ்ட்ரீட் டூரிங்கும் போச்சு. அதுக்கும் மேல உள்ள ஸ்ட்ரீட் ப்ரிப்பேர்ட்ல போயி ரேஸ் டயர்காரங்ககிட்ட அடி வாங்கிட்டு வாங்க.

பழையபாக்ஸர்:
ட்யூன அழிச்சிட்டு, ஸ்டாக் ஸ்பிரிங், ஸ்டாக் ஹெடர், ஸ்டாக் வீல் மாட்டிட்டு ஸ்ட்ரீட்ல ஓட்டு ப்ரோ. எல்லாருக்கும் நான் இததான் சொல்வேன். மொதல்ல ஓட்டக் கத்துக்க, பார்ட்ஸ் அப்புறம்.

கோன்இடிச்சான்:
ஞாயித்துக்கிழமைக்குள்ள அவ்ளோத்தையும் கழட்டணுமா? நல்ல யோசனை 🙄

சலாம்_ஸ்லாலம்:
மூணாங்கியர், மெதுவா பாப்போம். ஸ்ட்ரீட்ல ஷாக் மாத்தலாம், ஸ்பிரிங் மாத்தக்கூடாது, கோயிலோவர்னா ரெண்டுமே மாறிடுது, அதனால அது இல்ல. வீலும் அங்க கம்பெனி அகலத்துலயே இருக்கணும், 2.0 வண்டியோட ஸ்டாக் 17 இன்ச் விட்டம், 7 இன்ச் அகலம், நீங்க அதவிட அகலமாத்தான் போட்டிருப்பீங்கன்னு நெனக்கறேன். ஈசியூ ட்யூனும் ஸ்ட்ரீட்ல கிடையாது. அடுத்தது ஸ்ட்ரீட் டூரிங், அங்க ஸ்பிரிங் ஓகே, டர்போ இல்லாத கார்ங்கறதால ட்யூனும் தலவலி இல்ல, வீலுக்கும் டயருக்கும் அந்தந்த கிளாஸ்ல ஒரு அகல வரம்பு இருக்கு, டயர் 200 ட்ரெட்வேர் இல்ல அதுக்கு மேல. 2.0 வண்டிங்க ரொம்ப வருஷமா ஸ்ட்ரீட் டூரிங்ல எஸ்டிஎக்ஸ்ங்கற கிளாஸ்லதான் ஓடுது, ஆனா லிஸ்ட் மாறிக்கிட்டே இருக்கும், இந்த வருஷ ரூல்புக்ல கார் லிஸ்ட் இருக்கற அப்பெண்டிக்ஸ் ஏ-ல உங்க மாடல ஒரு தடவ பாத்துருங்க. பத்து மாத்தம் ஸ்ட்ரீட் டூரிங்குக்குள்ள இருந்து ஒண்ணு மட்டும் வெளிய போனாலும் மொத்தக் காரும் வெளியதான்.

மூணாங்கியர்:
நன்றிங்க. டயர் நல்ல டயர்தான், புதுசு. ஹெடர் எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் போட்டது, சவுண்டு சூப்பரா இருக்கு.

கோன்இடிச்சான்:
கேட் இருக்கான்னு கேட்டா சவுண்டு சூப்பர்ங்கறார் 🤦

ரூல்புக்மாமா:
சவுண்டு சூப்பர்னாலே கேட் இல்லன்னு அர்த்தம். ஸ்ட்ரீட் டூரிங் முடிஞ்சது.

சலாம்_ஸ்லாலம்:
மாமா, அது முழுசா சரியில்லையே. இந்த 2.0 வண்டில கம்பெனியே ரெண்டு கேட் வச்சிருக்கான், ஒண்ணு ஹெடருக்குள்ள, இன்னொண்ணு அதுக்கு அடுத்த ஃப்ரண்ட் பைப்ல. ஒண்ணுக்கு மேல கேட் உள்ள கார்ல எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஹை ஃப்ளோ கேட் வைக்கலாம், கடைசி கேட் முடியற எடத்துல இருந்து 6 இன்ச்ச தாண்டி பின்னாடி போகக்கூடாது, ஸ்ட்ரீட் டூரிங் ரூல்லயே இருக்கு. அதனால ஹெடர்ல கேட் இல்லாட்டியும் ஃப்ரண்ட் பைப்ல ஒண்ணு இருந்தா கிளாஸ் தப்பிக்குது. ரோட்டுல ஓட்டறதுக்கு எமிஷன் சட்டம் வேற, அத இங்க இழுக்காதீங்க. மூணாங்கியர், ஃப்ரண்ட் பைப் ஸ்டாக்கா, மாத்தினதா?

ரூல்புக்மாமா:
டயர் 200ஆன்னு இன்னும் அவர் சொல்லவே இல்ல. மொதல்ல அத கேளுங்க.

பழையபாக்ஸர்:
200ங்கறதே ஒரு ஏமாத்து வேல ப்ரோ. டயர் கம்பெனியே டெஸ்ட் பண்ணி அதுவே நம்பர் போட்டுக்குது. இப்ப வர்ற சில 200 டயர் பழைய ஆர் காம்பவுண்டு ரேஸ் டயருக்கு சளைச்சதில்ல.

ரூல்புக்மாமா:
ஏமாத்தா? டெக்ஸாஸ்ல சான் ஆஞ்சலோ பக்கம் 400 மைல் வட்டத்துல 7,200 மைல் ஓட்டிப் பாக்கற டெஸ்ட்டுங்க அது. ஒப்பிட வச்ச கன்ட்ரோல் டயருக்கு 100, அத மாதிரி ரெண்டு மடங்கு உழைச்சா 200. சும்மா வாயில வந்தத சொல்லாதீங்க.

பழையபாக்ஸர்:
ஓட்டறது யாரு? அதே கம்பெனிதானே? தேய்மானத்துக்கு வச்ச நம்பர கிரிப்புக்கு வேலி போட எடுத்தா இப்படித்தான் ஆகும். ஸ்டாக்னு பேர் இருந்த காலத்துல ஆர் காம்பவுண்டு போட்டாங்க, 2014ல அத ஸ்ட்ரீட்னு மாத்தி ட்ரெட்வேர் வரம்பு வச்சாங்க, கம்பெனிங்க அந்த வரம்புக்குள்ளயே எவ்ளோ ஒட்டற ரப்பர் செய்ய முடியும்னு எறங்கிட்டாங்க. செலவு குறைஞ்சுதா?

கோன்இடிச்சான்:
வருஷா வருஷம் இதே சண்ட. அந்த ஆள் பாவம் ராத்திரிக்குள்ள ஃபார்ம் நிரப்பணும். ப்ரோ பேசாம நோவிஸ்ல (புதுசா வர்றவங்க பிரிவு) போட்டுருங்க.

சலாம்_ஸ்லாலம்:
நோவிஸ்னாலும் நெறைய ரீஜன்ல கார் கிளாஸும் சேத்து கேப்பாங்க. உங்க நேரத்த அந்த கிளாஸோட பாக்ஸ் (PAX) நம்பரால, அதாவது வேற வேற கிளாஸ் கார்கள ஒப்பிட வச்ச எண்ணால, பெருக்கித்தான் வரிசை போடுவாங்க, உதாரணத்துக்கு 60 செகண்டுல ஓட்டி நம்பர் 0.8ன்னா 48 ஆகும். கிளாஸ் தப்பா போட்டா அந்தக் கணக்கும் தப்பாயிடும். சந்தேகம்னா ஒரு படி மேல உள்ள கிளாஸ்ல போடுங்க, கீழ போட்டாத்தான் ப்ரொட்டெஸ்ட் (மத்தவங்க புகார்) வரும், மேல போட்டா யாரும் கேக்கப் போறதில்ல.

மூணாங்கியர்:
நோவிஸ், எஸ்டிஎக்ஸ்னு போட்டு பதிவு பண்ணிட்டேன். டயர்ல 200ன்னு இருக்கு. 2.0 வண்டிதான். எல்லாருக்கும் நன்றி 🙏

சலாம்_ஸ்லாலம்:
சூப்பர். ஆனா ஃப்ரண்ட் பைப்ல கேட் இருக்கா?

கோன்இடிச்சான்:
வீல் அகலமும் சொல்லல.

பழையபாக்ஸர்:
மாமா, அந்த கன்ட்ரோல் டயர் யார் செய்யறாங்கன்னு சொல்லுங்க பாப்போம்.