புதுப்பிப்பு: துலும் கேவர்ன் டைவிங், போய் வந்தாச்சு

மெக்சிகோவின் துலும் பக்கம் எந்த டைவ் கடையை நம்பலாம், ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படை டைவிங் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு செனோட்டேக்குள் (நீர் நிறைந்த சுண்ணாம்புக்கல் பள்ளம்) இறங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இறங்கலாம், பகல் வெளிச்சம் எட்டும் குகை முகப்புவரை மட்டும் (அதுதான் கேவர்ன்). ஆனால் கடையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே எல்லாக் கடைகளிலும் ஒரே கேள்வி கேட்டேன்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? அங்குள்ள வரம்பு நான்கு. விலையைக் குறைத்துச் சொன்ன ஒரு கடைக்காரர், "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். அத்தோடு ஒரு கும்பிடு. கடைசியில் பிடித்த கடையில், வழிகாட்டி முழு கேவ் டைவிங் (வெளிச்சம் எட்டாத உள்குகை டைவிங்) பயிற்சி முடித்தவர். சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்ப வேண்டும், வழிக்கயிற்றை விட்டு விலகக் கூடாது, பகல் வெளிச்சம் எப்போதும் கண்ணில் பட வேண்டும் என்று கரையிலேயே ஒப்பிக்க வைத்தார்.

முதலில் தோஸ் ஓஹோஸ் என்ற செனோட்டே. ஆழம் 10 மீட்டர் அளவுதான். டார்ச் அடித்தால் மேலிருந்து சுண்ணாம்புத் தொங்கல்கள். பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து குகை வறண்டு கிடந்தபோது சொட்டுச் சொட்டாக வளர்ந்தவை. கேவர்ன் முடிந்து குகை தொடங்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை: அரிவாள் பிடித்த எலும்புக்கூடு. அவர்கள் ஊர் எமன்!

அப்புறம் சாக் மோல் என்ற இன்னொரு செனோட்டே. அங்கே நன்னீரும் அடியிலுள்ள உப்புநீரும் சந்திக்கும் அடுக்கில் நுழைந்ததும், எண்ணெய் பூசிய கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் எல்லாமே கலங்கிவிட்டது. முன்னால் போனவரின் துடுப்புகூடச் சரியாகத் தெரியவில்லை. ஓரடி கீழே இறங்கினால் மறுபடி பளிச்.

குளிர் பற்றிக் கேட்டவருக்கு: தண்ணீர் சுமார் 25 டிகிரி. 5 மி.மீ. தடிமனுள்ள டைவிங் உடையே கேட்டு வாங்குங்கள்.