‘ஹெவி சாயில்’: கன மண் வேண்டாம், களிமிகு மண் என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

களி (மிக நுண்ணிய மண்துகள்) மிகுந்து, உழக் கடினமாக இருக்கும் மண்ணை ஆங்கிலத்தில் ‘ஹெவி சாயில்’ என்பார்கள். நம் கலைச்சொல் தொகுதியில் அதற்குத் தமிழாகக் ‘கன மண்’, ‘அடர் மண்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. மன்னார்குடிப் பக்கத்தில் இந்த மண்ணில்தான் எங்கள் சாகுபடி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘ஹெவி’ வரும் இடத்திலெல்லாம் ‘கன’ என்று நாம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. லாரி கனரக வாகனம். காரீயமும் காட்மியமும் கன உலோகங்கள். அணு உலைகளில் பயன்படும் கனநீர் (‘ஹெவி வாட்டர்’) சாதாரண நீரைவிட ஏறத்தாழ 11 சதவீதம் அடர்த்தி கூடியது, அதனால் பெயர் பொருந்துகிறது. ஆனால் விளைச்சல் என்றால் அமோகம், சாலை என்றால் நெரிசல் என்கிறோம். வாழையை ‘ஹெவி ஃபீடர்’ என்பார்கள். நமக்கு அது உரம் நிறைய கேட்கும் பயிர், அவ்வளவுதான்.

மண்ணில்தான் சிக்கல். காய்ந்த களிமண் ஒரு கன மீட்டர் எடுத்தால் பெரும்பாலும் 1,100 முதல் 1,300 கிலோ இருக்கும். மணற்பாங்கான மண் அதே அளவுக்கு 1,500 கிலோவைத் தாண்டும். ஆக, ஆங்கிலத்தில் ‘லைட்’ எனப்படும் மண்தான் எடை கூடியது, அடர்த்தியும் கூடியது! களித்துகள்களுக்கு இடையில் நுண்துளைகள் ஏராளம் என்பதே காரணம். ‘ஹெவி’ என்று பெயர் வந்தது உழுகிற சிரமத்தால். ஈரத்தில் கொழுவில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஏர் மாடானாலும் டிராக்டரானாலும் திணறும். இதைக் ‘கன மண்’ என்றோ ‘அடர் மண்’ என்றோ எழுதினால் படிக்கிற மாணவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார்.

சரி, ‘களிமண்’ என்றே விட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மண்ணியலில் களிமண் என்பது தனி வகை. களி 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ‘ஹெவி சாயில்’ அதைவிட அகலமானது, களி கலந்த வண்டலும் அதற்குள் அடங்கும். ‘இறுகு மண்’ என்று நானும் யோசித்தேன். ஆனால் டிராக்டர் ஏறி ஏறி மண் கெட்டிப்படுவதற்கு ‘மண் இறுக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இரண்டும் குழம்பும்.

அதனால் ‘களிமிகு மண்’, ‘மணல்மிகு மண்’ என்ற இணையை முன்வைக்கிறேன். சோதித்துப் பார்ப்பதும் எளிது. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கி நாடாவாகத் தள்ளுங்கள். களி கூடக் கூட நாடா நீளும். எங்கள் வயல் மண் 5 செ.மீ. தாண்டியும் அறுந்து விழாது. 1934இல் மேட்டூர் அணை வந்ததோடு கல்லணைக் கால்வாயில் பாசனம் பெற்ற பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் அப்படி நீளாது, சீக்கிரமே ஒடிந்துவிடும். ஒரே டெல்டாதான், மண் இரண்டு விதம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் களைக்கொல்லி. பெண்டிமெத்தலின் போல, களை முளைக்கும் முன் தெளிக்கும் மருந்துகளைக் களித்துகள் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அந்த மண்ணுக்கு அளவு கூட்டியும் மணலுக்குக் குறைத்தும் பரிந்துரைப்பது வழக்கம். ‘கன மண்’ணுக்கு இத்தனை மில்லி என்று துண்டறிக்கையில் போட்டால், அள்ளும்போது பாரமாக இருக்கிறதே என்று மணல் வயல்காரர் கூடுதல் அளவைத் தெளித்துவிடலாம். பயிர் கருகும். ‘களிமிகு மண்’ என்று இருந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரண்டுக்கும் நடுவில் வருவதற்கு ‘நடுத்தர மண்’ போதும் என்று நினைக்கிறேன். கரிசல் பக்கத்து நண்பர்கள் ‘களிமிகு’ தங்கள் மண்ணுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஒத்துவந்தால் கலைச்சொல் தொகுதியில் ஏற்றிவிடலாம்.