நோம்பி இரவுகளில் கேட்ட இசை

கொங்கு நாட்டில் இசையைச் சாஸ்திரிய இசை, நாட்டுப்புற இசை என்று பிரித்தவர் யார் என்ற கேள்விக்கு, நோம்பி (கோயில் திருவிழாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) நோட்டீசைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பேன். காங்கயம் பக்கத்து ஊர்களில் மாரியம்மன் நோம்பிக்கு அடிக்கும் நோட்டீசுகளில் நாதசுரக் குழுவினரின் பெயர்கள் பட்டங்களோடு இருக்கும்; உடுக்கையடிப் பாட்டுக்காரரின் பெயரும் ஊரும் இருக்கும்; கோயில் முன் நட்டிருக்கும் கம்பத்தைச் சுற்றி இரவெல்லாம் ஊரையே ஆட வைக்கும் பறைக்காரர்களை மட்டும் ‘மேளதாளத்துடன்’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

பொன்னர், சங்கர் என்னும் அண்ணன் தம்பியரின் வீரக் கதையான அண்ணன்மார் கதையை விடிய விடியக் கேட்ட ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதைப்பாட்டுக்காரர் வெறும் பேச்சாகவே மளமளவென்று சொல்லிக்கொண்டு போய், ஓரிடத்தில் நிறுத்தி, உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இடக்கையால் இறுக்குவார். தோல் விறைத்து ஓசை மேலேறியதும் பாட்டு தொடங்கும், வரியின் கடைசிச் சொல்லைப் பின்பாட்டுக்காரர் பிடித்துக்கொள்வார். பொன்னரும் சங்கரும் மாண்ட களத்தில் அவர்கள் தங்கை அருக்காணித் தங்காள் அழும் கட்டம் வந்தபோது, கோயிலில் வாசித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த நாதசுரக்காரர், “இது புன்னாகவராளி தானுங்க. நாங்க பேரு வெச்சு வாசிக்கறோம், அவரு பேரில்லாமப் பாடறாரு” என்றார். ராகத்தின் சாயல்தானா, முழு ராகமா என்று அவரோடு வாதிடலாம். ஆனால் இருபது அடி தூரத்தில் இருந்த இரு கலைஞர்களில் ஒருவரைச் சாஸ்திரிய இசையிலும் மற்றவரை நாட்டுப்புற இசையிலும் சேர்த்தது காது அன்று என்பது எனக்கு உறுதியாயிற்று.

காவடிச் சிந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடியவை அவை. எங்கள் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகும் கூட்டம் அந்த மெட்டுகளைப் பாடினால் அது பக்தர் பாட்டு. அதையே சபாக் கச்சேரியின் கடைசியில் பாடினால் துக்கடா, அதாவது முடிவில் பாடும் சிறு உருப்படி. ஆள் நிற்கும் இடமும் வாங்கும் சம்பளமும் வகையைத் தீர்மானித்துவிடுகின்றன. பறை விஷயத்தில் சாதியே நேரடியாகத் தீர்மானித்தது. வாசித்தவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிறகு அவருடைய இசையே வெளியிலுள்ளது என்று எழுதி வைத்தார்கள். இதைச் சொல்லாமல் இசை வகைகளின் வரலாற்றைப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு உடுக்கைப் பாட்டு ஏன் அழியவில்லை என்றால், அதற்கு ஊரில் ஒரு வேலை இருக்கிறது. அண்ணன்மார் கோயில்களில் படுகளம் விழுந்து, அதாவது கதை வீரர்கள் களத்தில் மாண்டதுபோலச் சாய்ந்து, மயங்கிக் கிடப்பவர்களைப் பாட்டோடுதான் எழுப்ப வேண்டும். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் ஓலப்பாளையத்தில் இக்கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னர் கேசட்டுகளும் வந்தன. ஆனால் கேசட்டைப் போட்டுப் படுகளத்தில் விழுந்தவரை எழுப்பிய ஊரை நான் கண்டதில்லை. பாட்டுக்காரர்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டாலும், அந்த ஓர் இரவுக்கு ஊர் அவர்களைத் தேடிப் பிடித்து வரவழைக்கிறது.

வள்ளி கும்மி பிழைத்த வழி வேறு. ஆண்கள் மட்டுமே ஆடி வந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இப்போது மைதானம் கொள்ளாத அளவுக்குப் பெண்கள் ஒரே நிறப் புடவையில் ஆடுகிறார்கள். அரங்கேற்ற மேடைகளில் சாதிப் பெருமை கொஞ்சம் தூக்கலாகவே ஒலிப்பது எனக்கு உறுத்துகிறது என்றாலும், முருகன் வள்ளியைத் தேடி வரும் கதையைப் பத்து வயதுப் பிள்ளைகள் அடி பிசகாமல் பாடி ஆடுவதைப் பார்த்துவிட்டு அந்தக் கலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.