மதுரைக்காரிக்கு வெயிலுக்கா பஞ்சம்?

நிழல்தேடி
வைட்டமின் டி பற்றி ஆளுக்கொரு கதை எழுதும் இந்தப் பக்கத்தில் என் கதையும் இருக்கட்டும். எனக்கு லூபஸ் வந்து ஆறு வருடம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய். வெயில் பட்டால் நோய் கிளம்பிவிடும். அதோடு பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஒரு வாய் தயிர்சாதம் போனாலே உடம்பெல்லாம் தடிப்பு. போன பங்குனியில் இடுப்பு வலி தாங்கவில்லை, கைப்பிடியைப் பிடித்து இழுத்துத்தான் மாடிப்படி ஏறினேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை, பக்கத்தில் வேறொருவரிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் டி 7. இருபதுக்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். அவர் தாளைப் பார்த்துவிட்டு, வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மதுரைக்காரிக்கு வெயிலுக்கா பஞ்சம்? மொட்டைமாடியில போயி நில்லும்மா, காசா பணமா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மடியில் குடை, பையில் லூபஸ் ஃபைல். அதை எடுத்து நீட்ட ஏன் கை வரவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சொன்னபடி நின்றேன், அதுதான் கொடுமை. மூன்று நாள், பதினோரு மணி வெயிலில், மாமியார் வடகம் காயப்போட்ட துணிக்குப் பக்கத்தில். நாலாம் நாள் மூக்குக்கு இரண்டு பக்கமும் சிவந்து, விரல் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டேன். வடகம் மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.

கப்பலூர் கண்ணாடி
எனக்கு நோய் ஒன்றும் இல்லை, ஆனால் அந்தச் சிரிப்பு தெரியும். ஆபீசில் ஜன்னலோர நாற்காலி, மதியம் முழுக்க வலது கையில் சுள்ளென்று வெயில். வலது கை கறுத்து இடது கை வேறு நிறமாகிவிட்டது, அவ்வளவு வெயில். டி எவ்வளவு தெரியுமா, 11. டெஸ்ட் தப்பு என்று லேபில் சண்டை போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாக, "சார், கறுக்க வைக்கிற கதிர் கண்ணாடி வழியா வரும், டி செய்யிற கதிர் வராது" என்றது. இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றேன்.

ஒத்தக்கடை மகள்
குறைவைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் வீட்டில் கூடிப்போன கதை. அப்பாவுக்கு 60,000 யூனிட் பாக்கெட், வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் தினம் ஒன்று குடித்திருக்கிறார். தீரத் தீர மெடிக்கலில் அவரே வாங்கி வந்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், என்னையே "யாரும்மா நீ" என்று கேட்டார். ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நாள்கணக்காகச் சலைன் ஏற்றி அதை இறக்கினார்கள். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால் காலிப் பாக்கெட்டுகளை ரப்பர் பேண்டு போட்டுப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தார். மில்லில் கணக்குப் பார்த்தவர், எல்லாமே கட்டுத்தான். "சத்து மருந்துதானத்தா, கூடினா என்ன செய்யும்?" என்றார். இந்த விட்டமின் கொழுப்பில் கரைகிறது, மிச்சம் சிறுநீரில் போய்விடாது, உள்ளேயே தங்கிவிடும் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்கலாம். நானும்தான் சொல்லவில்லை.

மேலூர் மாமா
நிழல்தேடி, தங்கச்சி, கோவிக்காதே. நீ நின்ற நேரம்தான் தப்பு. காலை ஆறு மணி இளவெயிலில் நல்லெண்ணெய் தேய்த்து நின்றிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் தாத்தா அப்படித்தான் நின்றார், எண்பத்தெட்டு வயது. எனக்கும் போன வருடம் குறைந்தது, மாத்திரை போட்டேன், சரியாகிவிட்டது, என் கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். சாப்பாட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று முட்டையைக் காட்டுகிறவர்களை நம்பாதே. ஒரு மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட், ஒரு நாளைக்கு வேண்டியது 600. கணக்குப் போட்டுப் பார், பதினைந்து முட்டை! மத்தி மீன் பரவாயில்லை. பாலில் இயற்கையாக ஒன்றும் பெரிதாகக் கிடையாது, சேர்த்தால்தான் உண்டு. பாக்கெட்டில் நீலக் கட்டத்துக்குள் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் இருக்கிறதா பார். பால் உனக்கு ஆகாது, சரி, அதே குறி போட்ட சமையல் எண்ணெயும் வருகிறது, அதில் ஏ, டி இரண்டும் சேர்க்கிறார்கள். அப்புறம் காளான். இருட்டில் வளர்வதால் கடையில் வாங்கும்போது அதில் ஒன்றும் இருக்காது. நறுக்கித் தட்டில் பரப்பி உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து எடு, டி ஏறிவிடும். உனக்குப் பதிலாகக் காளான் வெயில் காயட்டும். எவ்வளவு ஏறும் என்று கேட்காதே, அது வெயிலைப் பொறுத்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

சைவப் பேத்தி
மாமா, ஆறு மணி வெயிலில் தாத்தா நின்றது சரி, அவருக்கு டி அதில் வந்திருக்காது. நம் நிழல் நம்மைவிட நீளமாக விழுகிற நேரத்து வெயிலில் அந்தக் கதிர் மிகக் கொஞ்சம். அவர் பகலெல்லாம் வயலில் நின்றதில் வந்திருக்கும். லூபஸ்காரர்களிடம் எந்த நேரத்து வெயிலையும் சிபாரிசு செய்யாதீர்கள், தயவுசெய்து.

என் கதை ஆச்சியுடையது. வெங்காயம்கூடச் சேர்க்காத வீடு. கேப்சூலைக் கையில் கொடுத்ததும் "இது எதுலருந்து எடுக்கறாங்க?" என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை, ஆட்டு ரோமத்துப் பிசுக்கிலிருந்து என்றேன். "ஆட்டைக் கொல்லுவாங்களா?" இல்லை ஆச்சி, முடிதான் வெட்டுவார்கள். கொஞ்ச நேரம் யோசித்து, "அப்ப பால் கறக்குற மாதிரிதான்" என்று வாயில் போடப் போனாள். அப்போது என் தம்பி, யாரும் கேட்காமலே, "மேல இருக்குற கூடு மாட்டெலும்புல செய்யிறது ஆச்சி" என்றான். அப்படியே என் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தம்பியோடு பேசினாள்! பிறகு கூடு இல்லாத பாக்கெட்டுத் தூளாக வாங்கினோம். கல்பாசி மாதிரியான லைக்கனிலிருந்து எடுக்கிற டியும் இருக்கிறது, விலைதான் யானை விலை.

நிழல்தேடி
மாமா, கோபமெல்லாம் இல்லை, காளான் யோசனை பிடித்திருக்கிறது. மாமியார் இன்றைக்கே வடகத் துணியில் ஒரு ஓரம் ஒதுக்கிவிட்டார்.

மிச்சக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் டாக்டர் திரும்பி வந்ததும் திட்டினார், வெயிலில் நிற்கச் சொன்னவரை இல்லை, என்னை. அவர் எழுதிக் கொடுத்த டி பாக்கெட்டில் "பாலில் கலந்து" என்று போட்டிருப்பதைக் காட்டினேன். பால் எதற்கு, கொழுப்புக்குத்தான், நீ தண்ணீரில் கலந்து சாப்பாட்டோடு குடி என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் இட்லிப்பொடியில் நல்லெண்ணெயைக் குளமாக ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தேன், எட்டு வாரம். ஒத்தக்கடை அக்கா, நாங்கள் காலண்டரில் கிழமைக்குக் கிழமை டிக் அடித்துக்கொண்டோம். இப்போது 31. படி ஏறுகிறேன்.

மொட்டைமாடியில் நிற்கச் சொன்ன அந்த டாக்டரின் ஆஸ்பத்திரி வழியாகத்தான் தினம் ஷேர் ஆட்டோ போகிறது. ஒரு நாள் இறங்கி, ஃபைலை அவர் மேஜையில் வைத்துவிட்டு வரலாமா என்று தோன்றும். அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும்.