சொந்த வீட்டுப் பூட்டைப் பிரித்துப் பலப்படுத்தலாமா?

பித்தளைப்பின்
நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து பார்ப்பது எனக்குப் பல வருடப் பொழுதுபோக்கு. நானே வாங்கிய பூட்டுகள் மட்டும்தான், கதவில் மாட்டிப் பயன்பாட்டில் இருப்பதைத் தொடுவதில்லை. இப்போதெல்லாம் திறப்பதைவிட, எளிதில் திறக்க முடியாதபடி பூட்டை மாற்றுவதில்தான் ஆர்வம். சாவி நுழையும் பகுதியான சிலிண்டரைப் பிரித்து, சாவியைத் தொடும் கீழ்ப் பின்களுக்கு மேலே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும் மேல் பின்களில், நேரான உருளையாக இருக்கும் சிலவற்றை எடுத்துவிட்டு, நடுவில் இடுப்பு குறுகிய ஸ்பூல் பின், வரிவரியாக வெட்டிய பின் ஆகியவற்றைப் போடுவேன். சாவியோடு சுழலும் உள் உருளையான பிளக்கின் துளைகளுக்குள் மெலிதாக மரையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். இதையே வாசல் கதவுச் சிலிண்டருக்கும் செய்யப் போகிறேன். செய்யவே கூடாது என்கிறார் ஒரு நண்பர். செய்தாலும் வெளியே எழுதாதே என்கிறார் இன்னொருவர். இரண்டையுமே நான் ஏற்கவில்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

நிலைக்கதவு
நான் பூட்டுத் தொழில் செய்கிறவன். உங்கள் பொழுதுபோக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மேசைமேல் எத்தனை பூட்டை வேண்டுமானாலும் பிரியுங்கள். வாசல் கதவு வேறு விஷயம். நீங்கள் கள்ளனை மட்டும் நினைக்கிறீர்கள், நான் அந்தக் கதவைத் தினமும் திறக்கிற ஆட்களை நினைக்கிறேன். தேய்ந்த டூப்ளிகேட் சாவியோடு வரும் பையன், கை நடுங்கும் பாட்டி, சாவியைப் பாதி நுழைக்கும்போதே திருப்பத் தொடங்கிவிடுகிற அவசரக்காரர். சாவி முழுதாக உள்ளே போகுமுன் திருப்பு விசை விழுந்தால் ஸ்பூல் பின்னின் குறுகிய இடுப்பு, பிளக்கும் அதைச் சுற்றிய கூடும் சந்திக்கும் ஷியர் லைனில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் சாவி உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. விசையைத் தளர்த்தினால் விட்டுவிடும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். பாட்டிக்குத் தெரியாது, அவர் இன்னும் பலமாகத் திருப்புவார், சாவி முறியும்.

மரை போட்ட துளை அதைவிட மோசம். மரை போடும்போது வருகிற பித்தளைப் பிசிறை எவ்வளவு தட்டினாலும் ஒன்றிரண்டு துணுக்கு தங்கிவிடும். சாவி வெட்டின் ஒரு ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் உள்ள பொருளில் ஒரு துணுக்குக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று யோசியுங்கள். போதாக்குறைக்கு அந்த மரை வரிகளில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டுக்கு வரும் திருடன் பிளக்கைத் திருப்பும் டென்ஷன் கம்பியும் பின்களைத் தூக்கும் பிக்கும் எடுத்துக்கொண்டு மண்டியிட்டு உட்காரப் போவதில்லை. கதவை உதைப்பான், கடப்பாரையால் நெம்புவான், ஜன்னலைப் பார்ப்பான். இரண்டு பக்கமும் சாவி போடுகிற யூரோ சிலிண்டராக இருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்து வளைத்து முறிப்பான். நடுவில் ஸ்க்ரூ போகும் துளை இருக்கிற இடத்தில் உலோகம் அவ்வளவு மெலிது. உங்கள் ஸ்பூல் பின்கள் உள்ளே பத்திரமாக இருக்கும், கதவு திறந்திருக்கும்.

பித்தளைப்பின்
பித்தளைப் பிசிறு பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் 'திருடன் பிக் பண்ண மாட்டான்' என்கிற வாதத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அரை வாதமாகத்தான் தெரிகிறது. அது உண்மையென்றால் தயாரிப்பாளர்கள் எதற்கு ஸ்பூல் பின்னைத் தொழிற்சாலையிலேயே போட்டு விற்கிறார்கள்? விலை குறைந்த பூட்டில் அதை விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் குறையைத்தான் நான் நிரப்புகிறேன்.

பிக்கிங் ஏன் சாத்தியம் என்று தெரிந்தால் நான் சொல்வது புரியும். பிளக்கில் வரிசையாகத் துளைத்த துளைகள் ஒரே நேர்கோட்டில் அச்சாக அமைவதில்லை, தலைமுடி அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ விலகியிருக்கும். லேசாகத் திருப்பு விசை கொடுத்தால் எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் இறுகாது, ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தூக்கி, மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பிரியும் இடத்தை ஷியர் லைனில் வைத்தால் பிளக் துளி நகரும், அடுத்தது இறுகும். இப்படியே கடைசிவரை. சாதாரணப் பின் இருக்கிற பூட்டில், பழகிய கைக்கு இது ஒரு நிமிடத்து வேலைகூட இல்லை.

ஸ்பூல் பின் இருந்தால் கதையே மாறுகிறது. பாதியிலேயே பிளக் சில டிகிரி சுழன்று நிற்கும், திறந்துவிட்டது போலவே விரலுக்குத் தெரியும். திறந்திருக்காது. இடுப்பு மாட்டிய அந்தப் பின்னை மேலே தள்ளினால், பிளக் உங்கள் விசைக்கு எதிராகப் பின்பக்கம் திரும்ப முயலும். டென்ஷன் கம்பியைப் பிடித்திருக்கும் விரல் நுனியில் அந்த எதிர்த் தள்ளலை உணர்ந்து, அதற்கு இடம் கொடுத்து, அதே சமயம் ஏற்கனவே வைத்த பின்கள் விழாத அளவுக்கு விசையை மிச்சம் வைக்க வேண்டும். ஏனோதானோ என்று கம்பியை விட்டு ஆட்டுகிறவனால் இது முடியாது. அவனைத் தடுப்பதற்குத்தான் இந்த வேலை. உலகத்தின் சிறந்த கையைத் தடுப்பதாக நான் சொல்லவே இல்லை.

வாசல்
இருவரும் தொழில்நுட்பத்திலேயே நிற்கிறீர்கள். என் எதிர்ப்பு அது இல்லை. பித்தளைப்பின் நண்பரே, மேலே ஒரு பத்தியில் பூட்டை எப்படித் திறப்பது என்று படிப்படியாக எழுதிவிட்டீர்கள். படிக்கிறவர்கள் எல்லாரும் உங்களைப் போல நல்ல மனதோடுதான் படிப்பார்களா? பூட்டு வாங்குகிற சாதாரணக் குடும்பத்துக்கு ஸ்பூல் பின் என்றால் என்னவென்றே தெரியாது, அவர்கள் உங்கள் எழுத்தைப் படித்துச் சிலிண்டரைப் பிரிக்கப் போவதும் இல்லை. படித்துப் பயன் அடைகிறவன் வேறு ஆள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. வீட்டில் திருட்டுப் போனவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை வரும்.

பழையசாவி
வாசல், இந்தக் கவலைக்கு வயது நூற்றெழுபதுக்கு மேல் ஆகிறது. 1851இல் லண்டனில் மகா கண்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, திறக்கவே முடியாது என்று இங்கிலாந்து பெருமைப்பட்ட இரண்டு பூட்டுகளைத் திறந்து காட்டினார். ஒன்று சப் கம்பெனியின் டிடெக்டர் பூட்டு. யாராவது கள்ளத்தனமாகத் திறக்க முயன்று உள்ளே இருக்கும் லீவர் தகட்டை அதிகம் தூக்கிவிட்டால் பூட்டே இறுகிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும். அது அரை மணி நேரத்துக்குள் போயிற்று. இன்னொன்று பிராமா பூட்டு. திறப்பவருக்கு 200 கினி (அக்கால இங்கிலாந்துப் பண அலகு) பரிசு என்ற அறிவிப்போடு பல்லாண்டுகள் கடை ஜன்னலில் இருந்தது. அதற்கு அவருக்கு 16 நாட்களில் பிரித்துப் பிரித்து 51 மணி நேரம் ஆனது. திறந்தார், பரிசும் வாங்கினார்.

அப்போதும் இதே கேள்விதான் எழுந்தது: இதையெல்லாம் வெளியே சொல்லலாமா? ஹாப்ஸ் தரப்பின் பதில் சுருக்கமானது. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் சொல்லிக்கொடுக்கும் அளவைவிட அதிகமாக அவர்களுக்கு ஏற்கனவே தெரியும், தெரியாமல் இருப்பவர் பூட்டை நம்பிப் பணம் கொடுத்தவர் மட்டுமே. எனக்கு இந்த வாதம் இன்றும் உடையாமல் நிற்பதாகவே படுகிறது.

வாசல்
ஹாப்ஸ் கதையின் மறு பாதியையும் சொல்லுங்கள். அவர் நடுநிலை ஆராய்ச்சியாளர் இல்லை, டே அண்ட் நியூவெல் என்ற அமெரிக்கப் பூட்டு நிறுவனத்தின் ஆள். இங்கிலாந்துப் பூட்டு மோசம் என்று காட்டினால் அவர் பூட்டு விற்கும். அந்த நிறுவனத்துப் பூட்டையும் பின்னாளில் இன்னொரு அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளரான லைனஸ் யேல் ஜூனியர் திறந்துவிட்டார்.

அடுத்தது, வெளியே சொன்னதால் பூட்டுகள் மேம்பட்டன என்பீர்கள். மேம்பட்டது அதற்குப் பிறகு வாங்கியவர்களுக்கு. 2004இல் கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டுகளை பிக் (Bic) கம்பெனியின் சாதாரணப் பேனா ஒன்றின் பிளாஸ்டிக் குழாயாலேயே திறக்கலாம் என்று இணையத்தில் வீடியோ பரவியது. நிறுவனம் பூட்டுகளை மாற்றிக்கொடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீடியோ வந்த நாளுக்கும் மாற்றுப் பூட்டு கைக்கு வந்த நாளுக்கும் இடையில் சைக்கிளைத் தெருவில் நிறுத்தியவர் என்ன செய்வது? அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

பழையசாவி
ஹாப்ஸுக்கு லாப நோக்கம் இருந்தது உண்மை, அதனால் பிராமா பூட்டு மறுபடி மூடிக்கொள்ளவில்லையே. சைக்கிள் பூட்டு விஷயத்தில் உங்கள் கேள்வி கனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அப்படிக் குழாய் வடிவத்தில் சாவி வைத்த பூட்டுகளில் அந்தப் பலவீனம் இருப்பதாக 1990களிலேயே ஒரு பத்திரிகையில் எழுதப்பட்டிருந்தது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை, பூட்டு விற்றுக்கொண்டே இருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் மாற்றிக்கொடுத்தார்கள்.

2003இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மாட் பிளேஸ் மாஸ்டர் சாவி முறையைப் பற்றி எழுதியதும் இப்படித்தான். ஒரு கட்டடத்தில் ஒரே ஒரு அறையின் சாவியும் அதன் பூட்டும் கையில் இருந்தால், சில வெற்றுச் சாவிகளை வெட்டி வெட்டிப் பார்த்தே கட்டடம் முழுவதற்குமான மாஸ்டர் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பூட்டுத் தொழில்காரர்கள் பலர் கொதித்தார்கள். 'இது எங்களுக்கு ஏற்கனவே தெரியும், ஏன் வெளியே சொன்னாய்' என்பதுதான் பலரின் புகார். எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகத் தோன்றுகிறது. தொழிலுக்குள் இருப்பவருக்குத் தெரியும், கெட்ட எண்ணம் உள்ளவருக்குத் தெரிய வாய்ப்புண்டு, விடுதி அறையில் படுத்துத் தூங்குகிறவருக்கு மட்டும் தெரியக் கூடாதாம்.

நிலைக்கதவு
தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், பழையசாவி சொல்வது சரி. அந்த மௌனத்தால் நாங்கள் நல்ல பெயர் வாங்கவில்லை. வாசல் பயப்படுகிற அளவுக்கு இது சுலபமான கலையும் இல்லை. படித்ததும் கை வந்துவிடாது, மாதக்கணக்கில் மேசையில் உட்கார்ந்து பழகுகிற பொறுமை உள்ளவன் பெரும்பாலும் திருடப் போவதில்லை. அதோடு பிக்கிங் தடயமே வைக்காது என்று நினைப்பதும் தப்பு. பித்தளைப் பின்களின் அடியில் எஃகு முனை கீறிய கோடுகள் இருக்கும். சாவி தேய்க்கிற தேய்ப்பு வழவழப்பாக வட்டமாக இருக்கும், கீறல் அப்படி இருக்காது. சிலிண்டரைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தடயவியலில் இதற்கென்றே ஆட்கள் உண்டு.

என் எதிர்ப்பு கதவைப் பற்றியதுதான், அதிலிருந்து நான் இறங்கவில்லை. பித்தளைப்பின், முதலில் இதைச் செய்யுங்கள். தாழ் போய் விழுகிற இரும்புத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் முக்கால் அங்குல ஸ்க்ரூ இருக்கும், மெல்லிய சட்டத்தை மட்டும் பிடித்திருக்கும். அதை எடுத்துவிட்டு நிலைக்கட்டையைத் தாண்டிப் போகிற மூன்று அங்குல ஸ்க்ரூ போடுங்கள், கீல்களுக்கும் அதேபோல. சிலிண்டர் வெளியே நீட்டாதபடி சரியான நீளத்தில் வாங்குங்கள், சுற்றிலும் கெட்டியான கவசத் தகடு மாட்டுங்கள். இவ்வளவும் முடித்த பிறகும் ஆசை இருந்தால் பின்னுக்கு வரலாம்.

பித்தளைப்பின்
ஸ்க்ரூவும் கவசத் தகடும் செய்கிறேன், அதில் எனக்கு வாதமே இல்லை. மரை போடுவதை வாசல் கதவிலிருந்து விலக்கிவிடுகிறேன், பிசிறு பற்றிய காரணம் போதும். ஸ்பூல் பின்னை மட்டும் விடமாட்டேன். பாதிச் சாவியில் திருப்பினால் மாட்டும் என்பது கடையில் வாங்குகிற நல்ல பூட்டுகளுக்கும் பொருந்தும், அவற்றை நீங்களே மாட்டிக் கொடுக்கிறீர்கள்.

இன்னொரு மாற்றம் கேட்கிறேன். சீப்பு மாதிரிக் கருவியால் எல்லாப் பின்னையும் ஒரேயடியாக ஷியர் லைனுக்கு மேலே தூக்கித் திறக்கிறார்கள் அல்லவா, மலிவுப் பூட்டுகளில் மேலே காலி இடம் அதிகம் என்பதால். மேல் பின்களை நீளமாக்கினால் அந்த இடம் அடைபடும். இதில் சாவிக்கு என்ன தொந்தரவு?

நிலைக்கதவு
நீளத்தைச் சரியாகக் கணக்கிட்டால் தொந்தரவு இல்லை, அது நல்ல மாற்றம். ஆனால் சாவியில் மிக ஆழமான வெட்டு எங்கே இருக்கிறதோ அந்தத் துளையில் கவனம், கீழ்ப் பின் மிக நீளமாக இருப்பது அங்கேதான். சாவி நுழையும்போது அதன் உயரமான பகுதி அந்தத் துளையைக் கடக்கையில் கீழ்ப் பின்னும் மேல் பின்னும் சேர்ந்து ஏறும்போது அழுந்திய ஸ்பிரிங்குக்கு இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் சாவியே உள்ளே போகாது, போனாலும் ஸ்பிரிங் நசுங்கிச் சீக்கிரம் செத்துப்போகும். எல்லாத் துளைக்கும் ஒரே நீளம் போடாமல், கீழ்ப் பின் நீளமாக இருக்கிற இடத்தில் மேல் பின் குட்டை, கீழ்ப் பின் குட்டையாக இருக்கிற இடத்தில் மேல் பின் நீளம் என்று சமன் செய்யுங்கள்.

ஸ்பூலையும் எல்லாத் துளையிலும் போடாதீர்கள். எல்லாமே ஸ்பூல் என்றால் திறப்பவனுக்கு எங்கும் ஒரே பதில்தான் கிடைக்கும், அதற்குப் பழகிவிடுவான். ஐந்து துளையில் இரண்டு ஸ்பூல், ஒன்று வரி வெட்டியது, மீதி சாதாரணம். குறைந்தது ஒரு சாதாரணப் பின்னாவது இருந்தால் சாவி இல்லாதபோது பிளக் ஆடாமல் நிற்கும். தட்டிப் பின்களைத் துள்ளவைத்துத் திறக்கும் பம்ப் சாவிக்கு இந்த ஸ்பூல் பின்கள் நம்பக்கூடிய தடை என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வாசல்
எழுதலாமா என்பதில் என் கருத்து மாறவில்லை, பழையசாவி. தெரிந்துகொள்ளும் உரிமை என்று நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் தெரிந்துகொண்டபின் பூட்டை மாற்றக் காசு இல்லாதவருக்கு அந்த உரிமையால் பயமே மிச்சம். ஒன்று கேட்கிறேன், இந்த வேலையைச் செய்கிறவர்கள் பலவீனத்தைச் சொல்லும் அதே இடத்தில் கையில் காசில்லாதவர் செய்யக்கூடியதையும் சொல்லட்டும். மேலே அந்த மூன்று அங்குல ஸ்க்ரூ பற்றி எழுதியிருக்கிறதே, அது மாதிரி.

பழையசாவி
அதில் எனக்கு முழுச் சம்மதம்.

நிலைக்கதவு
பித்தளைப்பின், மாட்டுவதற்கு முன் ஒரு வேலை. வீட்டில் இருக்கிற எல்லாச் சாவியையும் சேகரியுங்கள், தேய்ந்தது, டூப்ளிகேட், பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தது எல்லாம். சிலிண்டரைக் கையில் பிடித்து ஒவ்வொன்றையும் மெதுவாகவும் வேகமாகவும், கொஞ்சம் வெளியே இழுத்தபடியும் திருப்பிப் பாருங்கள். ஒரு சாவி தடுமாறினாலும் அந்தச் சாவியைப் புதிதாக வெட்டுங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டாதீர்கள், அதன் தேய்மானமும் கூடவே வந்துவிடும், பின்களின் அளவை வைத்து வெட்டச் சொல்லுங்கள். அப்புறம், கழற்றிய பழைய பின்களைத் துளை வரிசை எண் எழுதி ஒரு டப்பாவில் வையுங்கள்.