சேகா கன்சோல் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீடியோ கேம் கன்சோல்களின் (டிவியில் இணைத்து விளையாடும் கருவிகள்) வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். 1889-இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நின்டெண்டோ, 1972-இல் வந்த முதல் வீட்டுக் கன்சோலான மேக்னவாக்ஸ் ஒடிசி, 1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது எல்லாம் எழுதியாகிவிட்டது. சிடியில் ஓடும் கேம் கருவி செய்ய நின்டெண்டோவுடன் போட்ட ஒப்பந்தம் 1991-இல் முறிந்த பிறகுதான் சோனி தனியாக இறங்கி, 1994-இல் பிளேஸ்டேஷனைக் கொண்டுவந்தது. இதற்கே நாலு பக்கம் போய்விட்டது!

சிக்கியிருப்பது சேகா என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தில். 2001-இல் ட்ரீம்காஸ்ட் என்ற கருவியோடு கன்சோல் தயாரிப்பையே விட்டுவிட்டார்கள். ட்ரீம்காஸ்ட் நல்ல கருவிதான்; சறுக்கல் அதற்கு முந்தைய சாட்டர்னிலேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் இவற்றில் விளையாடியவர்கள், எதற்காகப் பிளேஸ்டேஷன் பக்கம் போனீர்கள், அல்லது ஏன் போகவில்லை என்று சொல்லுங்கள். அப்புறம், பழைய கையேடு, விளம்பரம் ஏதாவது இருந்தால் படமெடுத்துப் போடுங்கள்.