சைக்கிள் டவுசருக்குள் இருக்கும் மெத்தைக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் தேவை)

மண்டபம், உடற்கல்வி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். அரையாண்டு விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் 14 பேர் மண்டபத்திலிருந்து அரிச்சல்முனைக்குச் சைக்கிளில் போகிறார்கள். ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். போன முறை பாதிப் பேருக்குத் தொடை இடுக்கில் உரசிப் புண். வேர்வை உப்பு போதாதென்று வாடைக்காற்று அள்ளி வீசுகிற கடல் உப்பு வேறு. அதனால் சைக்கிள் டவுசரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும்.

மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். நிமிர்ந்து நின்று போட்டுப் பார்க்காதே, ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிந்து பார். தொடைப்பட்டி பிடிக்கணும், ஆனால் கழற்றினால் பள்ளமாகத் தடம் விழக்கூடாது. உள்ளே ஜட்டி வேண்டாம், அதன் தையல்தான் அறுக்கும்.

கவட்டில் தைத்திருக்கிற மெத்தையிடம்தான் மாட்டிக்கொண்டேன். கடையில் 'பேட்' என்கிறார்கள். பெண் பிள்ளைகளிடம் 'பேட் வைத்த டவுசர்' என்றால் வகுப்பே குனிந்துகொண்டு சிரிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் 'ஷாமி' என்கிறார்கள். அதைச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "சாமி மேலயா டீச்சர் உட்காரணும்?" என்றான். ராமேசுவரத்துப் பிள்ளை, வேறென்ன கேட்பான்?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'ஷாமி' ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆட்டினத்து விலங்கு. முன்பு அதன் தோலைப் பதப்படுத்தித்தான் உள்ளே தைத்தார்கள். நம் மலையில் இருப்பது வரையாடு. தோலுக்கு நல்ல பழஞ்சொல் அதள். ஆக, வரையதள். டவுசரையும் விட்டொழியுங்கள். முழந்தாள் அளவாக வீரர் உடுத்ததற்கு 'வட்டுடை' என்ற பெயர் சிந்தாமணியிலேயே இருக்கிறது. வரையதள் வட்டுடை. மோனைகூடத் தானாக அமைந்துவிட்டது பாருங்கள்.

பரமக்குடி, தையற்காரர்:
ஐயா மன்னிக்கணும். இப்போது உள்ளே தோலே கிடையாது. இதை எழுதுவதற்கு முன்னால் பழசு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மேலே வழுவழுப்பான பின்னல் துணி, அடியில் நுரை. உட்காரும் எலும்பு இரண்டும் படுகிற இடத்தில் மட்டும் நுரை கனத்து அழுத்தமாக இருக்கிறது, நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம், ஓரத்துத் தையல் விரலில் தட்டுப்படவே இல்லை. டீச்சர், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கனமாக இருந்தால் சொகுசு என்று நினைத்து வாங்கவேண்டாம். மொத்தை நுரை மிதிக்க மிதிக்கச் சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதன் வெட்டே வேறு, பார்த்துக் கேட்டு வாங்கணும்.

கடையில் வந்து யாராவது 'வரையதள் வட்டுடை இருக்கா' என்றால் நான் எதிர்க்கடையைத்தான் கைகாட்டுவேன்.

மதுரை, தமிழாசிரியர்:
தோல் இல்லை என்பதெல்லாம் ஒரு வாதமா? எள்ளின் நெய்தான் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? பொருள் மாறும், பெயர் நிற்கும்.

பரமக்குடி, தையற்காரர்:
எண்ணெயை ஊர் முழுக்கப் புழங்கி நிறுத்தியது. வரையதள் நேற்றுச் சாயங்காலம் பிறந்தது.

தங்கச்சிமடம், மீனவர் வீட்டுப் பெண்:
அக்கா, எனக்கு ஒன்று தோன்றுகிறது. அம்மா மீன்கூடை சுமக்கும்போது பழைய சேலைத் துண்டைச் சுருட்டித் தலையில் வைப்பார்கள், சும்மாடு. பாரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பதுதானே அது? இங்கே நாமேதான் பாரம். 'சும்மாடு வைத்த டவுசர்' என்றால் எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

மன்னார், மொழிபெயர்ப்பாளர்:
நல்லாயிருக்கு தங்கச்சி. ஆனா டவுசர் எண்டு எழுதாதேங்கோ, காற்சட்டை எண்டு அழகான சொல் இருக்கே. சைக்கிளுக்கு எங்கட பக்கம் துவிச்சக்கர வண்டி எண்டு எழுதுறது.

மதுரை, தமிழாசிரியர்:
துவிச்சக்கரமா! அதற்கு ஷாமியே மேல். சும்மாட்டுக்கு வருகிறேன். சுமையடை என்பதே சும்மாடு ஆயிற்று என்பார்கள். எனக்கு அதில் ஐயம். 'சும்மை'யைப் பாருங்கள். தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்குக்கும் அரவம், அதாவது ஓசை என்று பொருள் சொல்கிறது. கூடையோடு சந்தைக்குப் போகிற கூட்டத்தின் இரைச்சலிலிருந்து...

தங்கச்சிமடம்:
ஐயா, எங்கள் சும்மாடு சத்தம் போடாது.

(இதற்குப் பின் மிதிவண்டியா ஈருருளியா என்று 11 மடல்கள் ஓடின. அவற்றை எடுத்துவிட்டேன். - மட்டுறுத்துநர்)

மண்டபம், ஆசிரியை:
வியாழன் இரவு ஆகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன்: எடுத்துவிட்ட மடல்களில் வந்த 'உள்மெத்தை'க்கு ஐந்து பேர், சும்மாட்டுக்கு மூன்று, வரையதளுக்கு ஐயா ஒருவர். எனக்கும் சும்மாட்டின் மேல்தான் ஆசை. ஆனால் துண்டறிக்கையைப் படித்துவிட்டு எந்த அப்பாவாவது பிள்ளை தலையில் துணியைச் சுற்றி அனுப்பிவிடுவாரோ என்று பயம். 'உள்மெத்தை' என்றே போடுகிறேன். டவுசர் டவுசராகவே இருக்கட்டும்.

மதுரை, தமிழாசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், இலக்கணத்துக்கு நீங்களும் கட்டுப்படுங்கள். நாள், மீன் சேர்ந்தால் நாண்மீன். உள், மெத்தை சேர்ந்தால் உண்மெத்தை.

பரமக்குடி, தையற்காரர்:
உண் மெத்தையா? பிள்ளைகளை மெத்தையைத் தின்னச் சொல்கிறீர்களா ஐயா?

மண்டபம், ஆசிரியை:
அச்சுக்குப் போய்விட்டது ஐயா.

மதுரை, தமிழாசிரியர்:
ஒரு திருத்தச் சீட்டு அடித்து ஒட்டலாமே. 14 படிதானே?